2013 டான்ஸ் சார்ட் நம்பர் 1: ஒரு லிஸ்ட்ல விரல் விட்டு எண்ணுற அளவு, இன்னொன்னுல வாரம் ஒன்னு. எத நம்புறது?

மொட்டைமாடி_டிஜே

மக்களே ஒரு உதவி. எங்க காலேஜ் 2013 செட்டு ரீயூனியன் வருது, அந்த வருஷம் அமெரிக்க டான்ஸ் சார்ட்டுல நம்பர் ஒன்னு வந்த பாட்டையெல்லாம் ஜனவரில இருந்து டிசம்பர் வரைக்கும் வரிசையா கோத்து ஒரு ப்ளேலிஸ்ட் பண்ணுடானு என் தலைல கட்டிட்டானுங்க. தேடினா அஞ்சு நிமிஷத்துல கெடச்சிடும்னு உக்காந்தா ரெண்டு லிஸ்ட் வருது, ரெண்டுமே பில்போர்ட்ங்கிற அமெரிக்க மியூசிக் பத்திரிகை போட்டதுதான், ரெண்டு பேர்லயும் டான்ஸ் இருக்கு, ஆனா ஒன்னுக்கொன்னு ஒட்டவே இல்ல.

ஒன்னு ஹாட் டான்ஸ் எலக்ட்ரானிக் சாங்ஸ். அதுல ஸ்க்ரீம் அண்ட் ஷவுட், ஹார்லெம் ஷேக், கெட் லக்கி, வேக் மீ அப், பெரும்பாலும் இந்த நாலும்தான் வருஷத்தையே பங்கு போட்டுக்கிட்ட மாதிரி இருக்கு. இன்னொன்னு டான்ஸ் கிளப் சாங்ஸ். அதுல கிட்டத்தட்ட வாரத்துக்கு ஒரு பாட்டு மாறுது, பாதிப் பேர நான் கேள்விப்பட்டதே இல்ல, நடுவுல பாத்தா யோகோ ஓனோ! ஆமாங்க ஜான் லெனனோட மனைவியேதான், அந்தம்மாவுக்கு அந்த வருஷம் பிப்ரவரில 80 வயசு, ஹோல்ட் மீ-னு ஒரு பாட்டு நம்பர் ஒன்னு. அப்புறம் ஷெர் பாட்டு வேற, உமன்ஸ் வேர்ல்ட்.

2013ல கிளப்புல எவன் யோகோ ஓனோவுக்கு ஆடினான்? எது உண்மையான லிஸ்ட்டுங்க?

ரீமிக்ஸ்_ராசா

ரெண்டும் உண்மைதான் தலைவா, ஆனா ரெண்டும் அளக்குறது வேற வேற விஷயம்.

டான்ஸ் கிளப் லிஸ்ட்டுதான் மூத்தது. 1974 அக்டோபர்ல நியூயார்க் டிஸ்கோக்கள மட்டும் வெச்சு டாம் மோல்டன் ஆரம்பிச்ச பத்தி அது, முதல் நம்பர் ஒன்னு குளோரியா கேனர் பாடின நெவர் கேன் சே குட்பை. அந்தக் காலத்துல டிஸ்கோ பாட்ட ரேடியோக்காரன் சீக்கிரம் தொடமாட்டான், கடைக்காரனுக்கும் கம்பெனிக்காரனுக்கும் எந்த ரெக்கார்டு ஓடுதுன்னு தெரியணும்னா டிஜேகிட்டதான் கேக்கணும், அதனால டிஜேக்கள் கொடுக்குற ரிப்போர்ட்ட வெச்சே சார்ட்டு போட்டாங்க. அந்த முறை கடைசி வரைக்கும் மாறல. வாராவாரம் நாடு முழுக்க இருந்து ஒரு டிஜே குழு, தங்க ஃப்ளோர்ல எதுக்கு ஜனம் நல்லா ஆடுச்சுன்னு வரிசை போட்டு அனுப்பும், அதக் கூட்டினா லிஸ்ட்டு. விற்பனை கெடையாது, ரேடியோ கெடையாது, யூடியூப் கெடையாது.

இப்ப யோசி. டிஜேவுக்கு புதுச் சரக்கு வந்துகிட்டே இருக்கணும், ஒரே பாட்ட மூணு மாசம் முதல் இடத்துல எழுதி அனுப்பினா அவன் டிஜேவே இல்ல. அதனால ஒரு பாட்டு மெதுவா ஏறும், உச்சில ஒரு வாரம் நிக்கும், இறங்கிடும், அடுத்தது ரெடியா கீழ நிக்கும். கம்பெனிக்காரங்களும் ஒவ்வொரு பாட்டுக்கும் அஞ்சாறு ரீமிக்ஸ் பண்ணி டிஜேக்களுக்கு அனுப்பிடுவாங்க. நீ சொல்ற யோகோ ஓனோ பாட்டுல கூட டேவ் ஆடேனு ஒரு ரீமிக்ஸ் ஆளு பேரு சேர்ந்தே இருக்கும் பாரு. ஃப்ளோர்ல ஆடுறவனுக்கு பாடுறது யாருன்னு பாதி நேரம் தெரியாது, பீட்டு சரியா இருந்தா ஆடுவான். அடெல் பாடின ரோலிங் இன் தி டீப் 2011ல இதே லிஸ்ட்ல முதலிடம் வந்துச்சுன்னா சும்மா இல்ல, ரீமிக்ஸ் வேல அது.

எலக்ட்ரானிக் லிஸ்ட் புதுசு. 2013 ஜனவரிலதான் ஆரம்பிச்சாங்க, முதல் நம்பர் ஒன்னே வில்.ஐ.ஆமும் பிரிட்னியும் சேர்ந்து பாடின ஸ்க்ரீம் அண்ட் ஷவுட்தான். அப்ப ஈடிஎம், அதான் எலக்ட்ரானிக் டான்ஸ் மியூசிக், உச்சத்துல இருந்த நேரம், டிஜே சொல்றத மட்டும் வெச்சு அளந்தா கணக்கு பத்தாதுன்னு டவுன்லோடு விற்பனை, ரேடியோ, ஸ்ட்ரீமிங், கிளப் ரிப்போர்ட் எல்லாத்தையும் ஒன்னா போட்டு கலக்கினாங்க. நீ தேர்ந்தெடுத்த வருஷமே சரியா அந்த மாத்தம் நடந்த வருஷம்டா, அதான் ரெண்டு லிஸ்ட்டும் உன் மூஞ்சில வந்து அடிக்குது.

நாலாவது_ஃப்ரெட்

ராசா அண்ணே சொன்னதுல ஒன்னு சேத்துக்கிறேன். ஹார்லெம் ஷேக் நம்பர் ஒன்னு வந்த கத தெரியாம 2013 பத்தி பேசவே முடியாது. பாவர்னு ஒரு ஆளு, டிஜே டிப்லோவோட மேட் டிசென்ட் ரெக்கார்டு கம்பெனி, பாட்டு வெளிய வந்தது 2012 மே மாசம், ஒருத்தனும் பெருசா கண்டுக்கல. 2013 பிப்ரவரில யூடியூப்ல அந்த பைத்தியக்கார வீடியோ ஆரம்பிச்சுது, முதல் பதினஞ்சு செகண்டு ஒருத்தன் மட்டும் ஹெல்மெட் போட்டு ஆடுவான் மத்தவன்லாம் சும்மா இருப்பான், பேஸ் பீட்டு விழுந்ததும் மொத்தக் கூட்டமும் ஆடும். நம்ம ஊர் காலேஜ்ல கூட எடுக்காத ஆளு கெடையாது. சரியா அதே மாசம் பில்போர்ட்காரன் அமெரிக்க யூடியூப் பார்வைகளையும் ஹாட் 100ங்கிற மெயின் சார்ட்டு கணக்குல சேக்குறேன்னு அறிவிச்சான். சேத்த முதல் வாரமே ஹார்லெம் ஷேக் நேரா முதலிடத்துல நுழைஞ்சுது, அதுவும் டான்ஸ் சார்ட்டு இல்ல, மெயின் சார்ட்டு! அஞ்சு வாரம் இறங்கல. எவனோ வீட்ல எடுத்த வீடியோல பின்னணில ஓடினாலும் கணக்குதான், முப்பது செகண்டுதான் ஓடினாலும் கணக்குதான்.

அந்தப் பாட்ட முழுசா கேட்டவன் எத்தன பேரு இருப்பான்? இத நம்பர் ஒன்னுன்னு சொல்றதுக்கு யோகோ ஓனோவே மேல் என்னப் பொறுத்தவரைக்கும். இன்னொரு கூத்து, அதுல வர்ற ரெண்டு குரலையும் அனுமதி வாங்காமலே எடுத்துப் போட்டிருந்தானாம், பாட்டு ஹிட் ஆனதும் ரெண்டு பேரும் எங்களுக்கு என்ன வழின்னு வந்து நின்னாங்க.

கெட் லக்கி மட்டும் வேற ரகம். டாஃப்ட் பங்க் ரெண்டு பேரும் அந்த ஆல்பத்துக்கு கம்ப்யூட்டர ஓரங்கட்டிட்டு ஆளுங்கள உக்கார வெச்சு வாசிக்க வெச்சாங்க. கிட்டார் நைல் ராட்ஜர்ஸ், ஷீக் பேண்ட்காரர், 1978ல லெ ஃப்ரீக் போட்ட அதே மனுஷன். அதே கை 35 வருஷம் கழிச்சு அதே மாதிரி சிக்கு சிக்குனு வாசிச்சு மறுபடி டான்ஸ் நம்பர் ஒன்னு. ஹாட் 100ல மட்டும் ரெண்டாவது இடத்தோட நின்னு போச்சு, ப்ளர்ட் லைன்ஸ் வழிவிடல. அதுல கடுப்பு என்னன்னா ரெண்டு பாட்டுலயும் பாடகர் ஃபேரல் இருக்காரு, தன் பாட்ட தானே மறிச்சுகிட்டு நின்ன ஆளு.

கிழக்கு_லண்டன்

நான் இஞ்ச லண்டனில இருக்கிறன். அமெரிக்காவ மட்டும் பாத்தா 2013 இன் பாதிக் கதைதான் விளங்கும். இங்கிலாந்தில டான்ஸ் பாட்டு தனிச் சார்ட்டில மட்டும் நிக்கேல்ல, மெயின் சிங்கிள்ஸ் சார்ட்டிலயே முதலிடத்தப் பிடிச்ச வருசம் அது. பெப்ரவரியில அவிச்சியும் நிக்கி ரொமேரோவும். பிறகு ஏப்ரலில டூக் டுமோன்டின்ட நீட் யூ, அதுக்குப் பின்னால ருடிமென்டல், அதுக்குப் பின்னால டாஃப்ட் பங்க் நாலு கிழமை, பிறகு மே கடைசியில நோட்டி போயும் சாம் ஸ்மித்தும் செய்த லா லா லா. ஒண்டுக்குப் பின்னால ஒண்டா நாலு டான்ஸ் பாட்டு! நவம்பரில ஸ்டோர்ம் குவீன், அடுத்த கிழமையே மார்ட்டின் காரிக்ஸின்ட அனிமல்ஸ், பெடியனுக்கு அப்ப 17 வயசு.

அந்த ஏப்ரல் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, முன்னாள் பிரதமர் தாட்சர் செத்த கிழமை. அவவப் பிடிக்காத சனம் எல்லாம் சேர்ந்து தி விசார்ட் ஒஃப் ஒஸ் படத்தில வாற சூனியக்காரி செத்துப்போனாள் எண்ட பாட்டைக் காசு குடுத்து டவுன்லோட் பண்ணி நம்பர் ஒண்டு ஆக்கப் பாத்தவை. ரெண்டாம் இடம் வரைக்கும் வந்தது. அதுக்கு மேல விடாமல் நிண்டது டூக் டுமோன்ட்.

இஞ்ச ஏன் இவ்வளவு கெதியா மாறினது எண்டா, 2013 இல இங்கிலாந்துச் சார்ட் விற்பனைக் கணக்கு மட்டும்தான், ஸ்ட்ரீமிங்கச் சேர்த்தது 2014 ஜூலையில. ஒருத்தன் ஒரு பாட்ட ஒருக்காத்தான் வாங்குவான். வாங்கின பிறகு வீட்டில நூறு தரம் கேட்டாலும் சார்ட்டுக்குத் தெரியாது. ஸ்ட்ரீமிங் அப்பிடி இல்ல, ஒவ்வொரு முறை கேக்கிறதும் கணக்கில விழும், அதால ஆக்களுக்குப் பழகின பாட்டு அசையாமல் நிக்கும். உங்கட எலக்ட்ரானிக் லிஸ்ட் ஏன் அசையேல்ல எண்டதுக்கும் இதுதான் காரணம்.

அதோட எங்கட ஆள் ஒருத்தியையும் சொல்லாமல் விடக்கூடாது. ஒரு வருசம் முந்தி, 2012 இல, அந்த டிஜே சார்ட்டில மடோனா நம்பர் ஒண்டு வந்த கிவ் மீ ஆல் யுவர் லவின் பாட்டில ஈழத்தமிழ்ப் பாடகி எம்.ஐ.ஏ. இருக்கிறா.

வெத்தல_பெட்டி

எல்லாரும் டெக்னிக்கா பேசுறீங்க, நேராவே சொல்றேன், கிளப் சார்ட்டு கம்பெனிக்காரன் வளச்ச சார்ட்டு. டிஜேவுக்கு ஓசில ரீமிக்ஸ் அனுப்பு, ப்ரோமோட்டர வெச்சு ஃபோன் போடு, ரிப்போர்ட் வாங்கு, அவ்ளோதான். இல்லன்னா மடோனா 50 நம்பர் ஒன்னு எப்படி வாங்கும்?

ரீமிக்ஸ்_ராசா

@வெத்தல_பெட்டி ப்ரோமோட்டர் இல்லாத சார்ட்டு எது சாமி? ரேடியோவுக்கு இல்லையா? மடோனா முதல்ல அந்த லிஸ்ட்ல நம்பர் ஒன்னு ஆனது 1983ல, ஹாலிடேவும் லக்கி ஸ்டாரும், அப்ப அந்தம்மா யாருன்னே வெளிய தெரியாது, நியூயார்க் கிளப்புங்கதான் தூக்கிவிட்டுச்சு. அம்பதாவது 2020ல. 37 வருஷம் ஒவ்வொரு பாட்டையும் ஃப்ளோருக்குன்னே ரீமிக்ஸ் பண்ணி அனுப்பின ஆளு, வாங்கிட்டுப் போகட்டும்.

எனக்குப் பிடிச்சது அந்த லிஸ்ட்டுதான், ஒளிக்க மாட்டேன். வீட்ல சோபால உக்காந்து கேக்குறவன் கணக்கு வேற, ராத்திரி ஒரு மணிக்கு வேர்வையோட ஆடுறவன் கணக்கு வேற. மார்ஷ்மெல்லோவும் பாஸ்டிலும் பண்ணின ஹேப்பியர் அந்த எலக்ட்ரானிக் லிஸ்ட்ல 69 வாரம் முதலிடத்துல இருந்துச்சு. ஒரு வருஷத்துக்கும் மேல! நல்ல பாட்டுதான், ஆனா அதுக்கு எந்த ஃப்ளோர்ல எவன் ஆடினான் சொல்லு? கிளப்ப மூடினா கிளப் சார்ட்டும் நின்னு போச்சு, 2020 மார்ச்ல கொரோனாவுக்கு மூடினப்போ லிஸ்ட்டயும் நிறுத்திட்டாங்க. ஆடுறவன் இல்லாம அந்த லிஸ்ட்ட ஓட்ட முடியல. மத்தது ஜாம் ஜாம்னு ஓடுச்சு.

நாலாவது_ஃப்ரெட்

அட அந்த 69 வாரக் கூத்துக்கு அப்புறம் பில்போர்ட்காரனுக்கே ஒரு கட்டத்துல டான்ஸ் எது பாப் எதுன்னு தெரியாம 2025 ஜனவரில டான்ஸ் பாப்புனு தனியா இன்னொரு லிஸ்ட் ஆரம்பிச்சான். பிரிச்சது நல்லதுதான், லேட்டு.

வேக் மீ அப் பத்தி யாரும் பேசல. 2013 மார்ச்ல மயாமி அல்ட்ரா ஃபெஸ்டிவல்ல அவிச்சி மேடைல பாஞ்சோ எல்லாம் வெச்ச பேண்ட ஏத்தினப்போ டான்ஸ் ரசிகனுங்க கடுப்பாகிட்டானுங்க, இது என்னடா கௌபாய் பாட்டுன்னு இன்டர்நெட்ல கிழிச்சானுங்க. மூணு மாசத்துல அதே பாட்டு ரிலீஸ், ஊர் ஊரா நம்பர் ஒன்னு, எலக்ட்ரானிக் லிஸ்ட்ல 2014 பொறந்தும் இறங்கல. பாடின ஆலோ பிளாக் பேரு பாட்டு பேரோட கூட வராது. அவிச்சி 2018ல மஸ்கட்ல இறந்தப்போ 28 வயசுதான். அந்தப் பாட்ட மட்டும் லிஸ்ட்ல இருந்து எடுத்துடாதீங்க.

மொட்டைமாடி_டிஜே

எல்லாருக்கும் நன்றி, கேட்டது ஒன்னு, கெடச்சது ஒரு லோடு. முடிவு இதான்: எலக்ட்ரானிக் லிஸ்ட் நாலும் கட்டாயம், நடுவுல லண்டன் அண்ணன் சொன்ன ஏப்ரல் மே வரிச அப்படியே வரும், நவம்பர் ரெண்டும் கடைசில. ராசா அண்ணனுக்காக யோகோ ஓனோவும் ஷெரும் உண்டு, ஆனா பிரியாணி பரிமாறுற நேரத்துலதான்.

ரீமிக்ஸ்_ராசா

பிரியாணி டைமா!! சரி போ. ஆனா மாச வரிசைல மட்டும் போடாத தம்பி, ஃப்ளோர் செத்துடும். ஸ்க்ரீம் அண்ட் ஷவுட் 130 பிபிஎம் (நிமிஷத்துக்கு எத்தன பீட்டுங்கிற கணக்கு), ஹார்லெம் ஷேக் அதுக்கும் மேல, அங்கிருந்து நேரா கெட் லக்கி 116க்கு விழுந்தா ஆடுறவன் கால் தட்டிடும். 116ல ஆரம்பி, வேக் மீ அப் 124, அப்புறம் அனிமல்ஸ் 128, அப்புறம் ஸ்க்ரீம் அண்ட் ஷவுட். ஹார்லெம் ஷேக்க தனியா வை, முப்பது செகண்டுக்கு மேல ஓட்டாத, அதுக்கு அப்புறம் என்ன பண்றதுன்னு யாருக்கும் தெரியாது.

மொட்டைமாடி_டிஜே

ஜனவரி டூ டிசம்பர்னு குரூப்ல போஸ்டரே போட்டுட்டானுங்க அண்ணே. பரவால்ல, ஆட ஆரம்பிச்சதும் எவன் காலண்டர் பாக்கப் போறான், நீங்க சொன்ன ஆர்டரே போடுறேன்.