பேயோவுல்ஃப் (2007) அனிமேஷன் படம்: அந்த அம்மா விஷயம் மூலக் கதையிலேயே இருக்கிறதா?

மழைக்காகம்

ராபர்ட் ஸெமெக்கிஸ் இயக்கிய பேயோவுல்ஃப் படத்தை இப்போதுதான் முழுதாகப் பார்த்தேன். மூலக் காவியம் படித்ததில்லை, கதைச்சுருக்கம்கூடத் தெரியாது. கதையை உடைத்துத்தான் கேட்கப்போகிறேன், படம் பார்க்காதவர்கள் இப்படியே திரும்பிவிடுங்கள்.

கிரெண்டல் என்கிற அரக்கன் மன்னன் ஹ்ரோத்காருக்கே பிறந்தவன், அவனுடைய அம்மாவைக் கொல்லப் போன பேயோவுல்ஃப் அவளைக் கொல்லாமல் அவளோடு கூடி, அதற்கு விலையாக ராஜ்யத்தை வாங்கிக்கொள்கிறான், கடைசியில் வரும் டிராகன் அவனுடைய சொந்த மகன் என்று படம் சொல்கிறது. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய வீரகாவியத்தில் இப்படி ஒரு கதை இருக்குமா? இல்லை, ஹாலிவுட் செய்த வேலையா? படம் பார்க்கும்போது ரொம்பக் கச்சிதமாகப் பொருந்தியது, அதனால்தான் சந்தேகம்.

இன்னொன்று. டிராகன் பறக்கிற காட்சியெல்லாம் பிரமாதமாக இருக்கிறது, ஆனால் மனிதர்கள் முகம், முக்கியமாக ராணியின் முகம், ஏன் பொம்மைபோல இருக்கிறது? ஒரே படத்துக்குள் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

பழைய ஏடு

இல்லை. நீங்கள் சொன்ன மூன்றும் மூலத்தில் கிடையாது. ஆனால் "ஹாலிவுட் வேலை" என்று ஒரே வரியில் முடித்துவிடவும் முடியாது, ஏனென்றால் திரைக்கதை எழுதிய நீல் கெய்மனும் ரோஜர் ஏவரியும் காவியத்தை நன்றாகவே படித்திருக்கிறார்கள். அதில் எங்கெங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கேதான் கைவைத்திருக்கிறார்கள்.

முதலில் மூலக் கதை. பழைய ஆங்கிலத்தில் 3182 வரிகள். எழுதியவர் பெயர் தெரியாது. உலகத்தில் ஒரே ஒரு கையெழுத்துப் பிரதிதான் மிஞ்சியது, கி.பி. 1000-ஐ ஒட்டி எழுதப்பட்டது, இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. 1731-இல் அது இருந்த கட்டடம் தீப்பிடித்து ஓரங்கள் கருகின, அப்புறம் கருகிய ஓரம் உதிர உதிரச் சில எழுத்துகள் போய்விட்டன. அன்றைக்கு அந்த ஏடும் முழுதாக எரிந்திருந்தால் இந்தக் காவியமே நம் கைக்கு வந்திருக்காது.

டேனியர்களின் மன்னன் ஹ்ரோத்கார் ஹெயோரோட் என்று ஒரு பெரிய மண்டபம் கட்டுகிறான். உள்ளே பாட்டும் குடியுமாக எழும் சத்தம் சதுப்புநிலத்தில் வாழும் கிரெண்டலுக்குப் பொறுக்கவில்லை. முதல் இரவே முப்பது வீரர்களைத் தூக்கிக்கொண்டு போகிறான், பன்னிரண்டு வருடம் இது தொடர்கிறது. கீட்டர்கள் நாட்டிலிருந்து, அதாவது இன்றைய தெற்கு ஸ்வீடனிலிருந்து, பதினான்கு பேரோடு பேயோவுல்ஃப் வருகிறான். அரக்கன் ஆயுதம் எடுப்பதில்லை, எனக்கும் வேண்டாம் என்று வாளைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்கையால் சண்டை போட்டு அவன் கையைப் பிய்த்தெடுக்கிறான். மறுநாள் இரவு பழிவாங்க அம்மா வருகிறாள். இவன் ஏரிக்கு அடியில் போய், அங்கே கிடந்த ராட்சத வாள் ஒன்றால் அவளைக் கொல்கிறான். ஐயமே இல்லாமல் கொல்கிறான். பரிசு வாங்கிக்கொண்டு ஊர் திரும்பி, பிற்பாடு தன் நாட்டிலேயே மன்னனாகி ஐம்பது வருடம் ஆள்கிறான். கிழவனான பிறகு டிராகனோடு சண்டை, அதில் சாவு.

இனி ஓட்டைகள். கிரெண்டலுக்கு அப்பன் யார் என்று ஊராருக்குத் தெரியாது என ஹ்ரோத்காரே ஓரிடத்தில் சொல்கிறான். மண்டபத்தையே சூறையாடும் கிரெண்டல் அரியணையை மட்டும் நெருங்க முடிவதில்லை. அம்மாவைக் கொல்லப் போன பேயோவுல்ஃப் திரும்பி வரும்போது கொண்டுவருவது அவள் தலையை அல்ல, ஏற்கெனவே செத்துக் கிடந்த மகனின் தலையை. நீருக்கடியில் நடந்ததற்கு அவனைத் தவிர வேறு சாட்சியும் இல்லை. இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நீங்கள் பார்த்த படம் கிடைத்துவிடும். துப்பறியும் கதைக்காரர்களின் மூளை.

குறுக்குச்சால்

அதைத்தான் நான் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். படம் வந்தபோது "காவியத்தைக் கெடுத்துவிட்டார்கள்" என்று ஒரு கூட்டம் குதித்தது. வால்மீகியில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்கிப் போகிறான், கம்பன் அதை மாற்றிப் பர்ணசாலையை மண்ணோடு பெயர்த்துப் போக வைத்தான். இரணியன் கதைக்கு ஒரு தனிப் படலமே சேர்த்தான், வால்மீகியில் அது கிடையாது. கம்பனை யாராவது இதற்காகத் திட்டுகிறோமா? பழைய கதை என்றால் ஒவ்வொரு காலத்திலும் ஒருவன் வந்து திருப்பிச் சொல்லத்தான் செய்வான்.

அதோடு மூலக் காவியத்தில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. முதல் இரண்டு சண்டைக்கும் மூன்றாவதற்கும் சம்பந்தமே இல்லை. நடுவில் ஐம்பது வருடம் சில வரிகளில் பறந்துவிடுகிறது, நாடும் வேறு, ஆட்களும் வேறு. அப்படியே எடுத்தால் ஒன்றரைப் படம் பார்த்த மாதிரி இருக்கும். டிராகனை மகனாக்கி, பேயோவுல்ஃபை டேனியர்களுக்கே மன்னனாக்கி, எல்லாவற்றையும் ஒரே மண்டபத்துக்குள் அடைத்தார்கள் பாருங்கள், அது சாதாரண வேலை இல்லை. அப்பன் செய்த பாவம் மகனாகத் திரும்பி வருகிறது. மூலத்தில் டிராகன் விழித்துக்கொள்வது ஓடிப்போன அடிமை ஒருவன் ஒரு கிண்ணத்தைத் திருடியதால். படத்திலும் ஓர் அடிமை பொன்னாலான குடிகொம்பை எடுத்துவந்ததால்தான் வருகிறது, ஆனால் இங்கே அந்தக் கொம்பு பழைய ஒப்பந்தத்தின் அடையாளம். இருந்ததை வைத்தே செய்திருக்கிறார்கள்.

பழைய ஏடு

கம்பனை இழுத்ததால் சொல்கிறேன் குறுக்குச்சால். கம்பன் மாற்றியபோது எந்தப் பாத்திரமும் குறுகவில்லை, இரணியன்கூட அவன் கையில் பிரம்மாண்டமாக நிற்கிறான். இங்கே நடந்தது தலைகீழ். பேயோவுல்ஃப் பொய்யன், ஹ்ரோத்கார் குடித்துவிட்டு உருளும் கிழவன், தன் மகன் ஊரைத் தின்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவன், கடைசியில் கோட்டையிலிருந்து குதித்துச் சாகிறான். காவியத்து ஹ்ரோத்கார் இப்படி இல்லை. வென்று வந்த இளைஞனை உட்காரவைத்து, இன்றைக்கு இருக்கும் பலம் நாளை நோயிலோ வாளிலோ முதுமையிலோ போய்விடும், செருக்கு வேண்டாம் என்று நீளமாக அறிவுரை சொல்கிறான். அந்தக் காட்சியை எடுத்துவிட்டார்கள் என்பதுதான் என் பெரிய வருத்தம், அம்மாவாக நடித்த ஏஞ்சலினா ஜோலி தங்க உடம்போடு நீரிலிருந்து எழுந்து வருவதெல்லாம் போகட்டும்.

நீங்கள் சிக்கல் என்கிற அந்த ஐம்பது வருட இடைவெளியைத்தான் நான் காவியத்தின் பலம் என்பேன். தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் எழுதிய டோல்கியன் 1936-இல் ஆற்றிய ஓர் உரையில் இதைத்தான் வாதிட்டார். இது சம்பவக் கோவை இல்லை, ஒரு வாழ்க்கையின் தொடக்கமும் முடிவும் எதிரெதிராக வைக்கப்பட்டிருக்கின்றன, நடுவில் இருப்பது தேவையில்லை என்பது அவர் பார்வை. இளமையில் ஜெயிக்கிறான், முதுமையில் தோற்கிறான். எந்தத் தப்பும் செய்யாமல் தோற்கிறான், அதுதான் விஷயம். படத்தில் அவன் சாவதற்குக் காரணம் இருக்கிறது, செய்த பாவத்துக்குக் கூலி வாங்கிக்கொள்கிறான், நமக்கும் கணக்கு நேராகிவிடுகிறது. காவியத்தில் அந்த ஆறுதல் கிடையாது. நல்ல மன்னன், ஐம்பது வருடம் ஒழுங்காக ஆண்டவன், கூட வந்த பதினொரு பேரில் விக்லாஃப் ஒருவனைத் தவிர எல்லாரும் காட்டுக்குள் ஓடிவிட, வாளும் உடைந்துபோக, விஷம் ஏறிச் சாகிறான். அவன் ஜெயித்த புதையலையும் அவனோடு புதைத்துவிடுகிறார்கள், யாருக்கும் உபயோகமில்லாமல்.

ஃபிரேமுக்கு ஃபிரேம்

நீங்கள் இருவரும் கம்பனை விட்டு இறங்குவதற்குள் இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்லிவிடுகிறேன்.

இது வழக்கமான அனிமேஷன் இல்லை. நடிகர்கள் உடம்பிலும் முகத்திலும் குறிப்பான்களை ஒட்டிக்கொண்டு வெற்றுத் தளத்தில் நடிப்பார்கள், சுற்றிலும் இருக்கும் கேமராக்கள் அந்தப் புள்ளிகளின் அசைவை மட்டும் பதிவு செய்யும், அப்புறம் அந்த அசைவை கணினியில் செய்த உருவத்துக்கு ஏற்றுவார்கள். பெர்ஃபார்மன்ஸ் கேப்சர் என்பார்கள். ஸெமெக்கிஸ் 2004-இல் தி போலார் எக்ஸ்பிரஸ் படத்தில் இதைத் தொடங்கியபோது பாத்திரங்களின் கண்கள் செத்துக் கிடக்கின்றன என்று எல்லாரும் திட்டினார்கள். அதனால் பேயோவுல்ஃபில் கண்ணைச் சுற்றி மின்முனைகளை ஒட்டி விழியின் அசைவையும் பதிவு செய்தார்கள். முன்னேற்றம் உண்டு, ஆனால் போதவில்லை. கன்னச் சதை, உதட்டோரம், தோலுக்குள் புகுந்து சிதறி வெளியே வரும் வெளிச்சம் எல்லாம் சேர்ந்துதான் உயிருள்ள முகம். குறிப்பான் இல்லாத இடத்தில் நடந்ததை மென்பொருள் ஊகித்து நிரப்பும், அந்த இடங்களில்தான் பொம்மை எட்டிப்பார்க்கும்.

ராணியின் முகம் உங்களை அதிகம் உறுத்தியதற்கு எனக்குத் தோன்றுவது இது: ஆண்களுக்குத் தாடி, சுருக்கம், தழும்பு என்று மறைக்க நிறைய இருக்கிறது. வழவழப்பான இளம் முகத்தில் எதையும் மறைக்க முடியாது. கிழவன் ஹ்ரோத்கார் அந்தோனி ஹாப்கின்ஸாகவே தெரிவதையும், ராணி ராபின் ரைட் போல இருந்தும் இல்லாமலும் தெரிவதையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு பொம்மையோ ரோபோவோ மனித உருவத்தை முக்கால்வாசி நெருங்கும்வரை நமக்குப் பிடிக்கும், இன்னும் கொஞ்சம் நெருங்கியதும் திடீரென அருவருப்பாகிவிடும் என்று ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசஹிரோ மோரி 1970-லேயே எழுதிவிட்டார். டிராகனுக்கு அந்தத் தொல்லை இல்லை, நிஜ டிராகனை யார் பார்த்திருக்கிறார்கள்? கிரெண்டலும் அதனால்தான் தப்பித்தான். தோல் உரிந்த அந்த உருவத்துக்குள் கிறிஸ்பின் குளோவர் வலியில் கத்துவது இந்தப் படத்தின் ஆகச்சிறந்த நடிப்பு என்பேன்.

இந்த முறையால் ஒரு லாபமும் உண்டு. பேயோவுல்ஃபாக நடித்த ரே வின்ஸ்டன் அப்போது ஐம்பதை எட்டிக்கொண்டிருந்த கனத்த உடம்புக்காரர். திரையில் சிக்ஸ்பேக் வயிற்றோடு ஒரு கட்டழகன்! குரல் அவருடையது, நடை அவருடையது, உடம்பு மட்டும் வேறு. ஈட்டி நுனியைக் கேமராவுக்கு நேராக நீட்டும் காட்சிகள் வந்துகொண்டே இருந்திருக்குமே, அது முப்பரிமாணக் கண்ணாடி போட்டுப் பார்ப்பதற்காக வைத்தது, வீட்டுத் திரையில் பார்த்தால் கொஞ்சம் அசட்டுத்தனமாகத்தான் இருக்கும். இதை அனிமேஷன் என்றே சொல்லலாமா என்ற சண்டையும் நடந்தது. இப்படி அசைவைப் பதிவு செய்யும் மோஷன் கேப்சர் மட்டும் இருந்தால் அது அனிமேஷன் உத்தி ஆகாது என்று 2010-இல் ஆஸ்கர் அகாடமி விதியே போட்டுவிட்டது.

மழைக்காகம்

மூவருக்கும் நன்றி. அப்படியென்றால் இன்னொரு சந்தேகம். பிரெக்கா என்பவனோடு பந்தயம் போட்டுக் கடலில் நீந்திய கதையைப் பேயோவுல்ஃப் பீற்றிக்கொள்ளும்போது, படம் நமக்கு வேறொன்றைக் காட்டிவிடுகிறது, கடல்கன்னியிடம் மயங்கியதை மறைக்கிறான். அவன் பொய்யன் என்று அங்கேயே விதை போட்டாகிவிட்டது. மூலத்தில் அந்தப் பந்தயமாவது இருக்கிறதா? அப்புறம், அவன் அப்பழுக்கில்லாதவன் என்றால் படிக்க சலிப்பாக இருக்காதா?

பழைய ஏடு

பந்தயம் இருக்கிறது. விருந்தில் உன்ஃபெர்த் என்பவன் "பிரெக்காவிடம் தோற்றவன்தானே நீ" என்று குத்துகிறான், இவன் எழுந்து இரவெல்லாம் ஒன்பது கடல் மிருகங்களை வெட்டிப்போட்டதைச் சொல்லி, நீ உன் சொந்தச் சகோதரர்களைக் கொன்றவன் என்று திருப்பிக் கொடுக்கிறான். பாடியவர் அதைப் பொய் என்று எங்கும் காட்டவில்லை. ஆனால் அந்தச் சபையில் பீற்றிக்கொள்வது ஒரு கடமை. சொன்னால் செய்தாக வேண்டும், செய்யாவிட்டால் அவமானம், ஆகவே சபையில் சொல்வதே தனக்குத்தானே விலங்கு பூட்டிக்கொள்வதுதான். நம் புறநானூற்று வஞ்சினப் பாட்டுகளை நினைத்துப் பாருங்கள். "இவர்களைப் போரில் சிறைப்பிடிக்காவிட்டால் மாங்குடி மருதனைத் தலைவனாகக் கொண்ட புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் போகட்டும்" என்று தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் சொல்கிறானே, அதே உலகம். ஆய்வாளர் கைலாசபதி சங்கப் பாடல்களை வீரயுகப் பாடல்களாகப் பிற நாட்டு வாய்மொழி மரபுகளோடு வைத்துப் படித்ததும் இந்த ஒற்றுமையைப் பிடித்துத்தான். மன்னன் பொன் வளையல் கொடுக்கிறான், பாணன் பாடுகிறான், செத்தவனுக்குக் கடலோரக் குன்றில் கப்பல்காரர் கண்ணுக்குத் தெரியும்படி மேடு எழுப்புகிறார்கள்.

சலிப்பு என்று கேட்டீர்கள். நடுநடுவே வரும் கிளைக்கதைகள் பொறுமையைச் சோதிக்கும், மறைக்க மாட்டேன். ஐரிஷ் கவிஞர் ஷேமஸ் ஹீனியின் இன்றைய ஆங்கில மொழிபெயர்ப்பில் தொடங்குங்கள், வேகமாகப் போகும்.

குறுக்குச்சால்

படிக்க நேரமில்லை என்றால் 1998-இல் வந்த குறும்படம் ஒன்று உண்டு, அரைமணி நேரம்கூட வராது, ஜோசஃப் ஃபியன்ஸ் குரல் கொடுத்தது. அதில் அம்மாவை நிஜமாகவே கொன்றுவிடுகிறான், பழைய ஏடு சந்தோஷப்படுவார். 1981-இல் ஆஸ்திரேலியாவில் எடுத்த கார்ட்டூன் படமும் இருக்கிறது, முழுக் கதையும் கிரெண்டல் பக்கத்திலிருந்து, குரல் பீட்டர் உஸ்தினோவ். அதில் மனிதர்கள்தான் மிருகங்கள்.

கடைசியாக ஒன்று, பழைய ஏடு. எந்தத் தப்பும் செய்யாமல் சாகிறான் என்றீர்கள். நாட்டுக்கு வாரிசு இல்லை, ஸ்வீடர்கள் எப்போது பாய்வார்கள் என்று எல்லையில் காத்திருக்கிறார்கள், இந்தக் கிழவர் படையை நிறுத்திவிட்டுத் தனியாக டிராகனைக் கொல்லப் போகிறார். ஒருவன் பிடிவாதத்துக்குப் பலர் துன்பப்பட வேண்டியிருக்கிறது என்று விக்லாஃபே பிணத்தின் பக்கத்தில் நின்று சொல்கிறானே. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பழைய ஏடு

சொல்கிறான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே மூச்சில், தடுத்தும் கேட்கவில்லை, தன் விதியைப் பிடித்துக்கொண்டு நின்றான் என்றும் சொல்கிறான். அது குற்றச்சாட்டா புலம்பலா என்று ஆய்வாளர்களே இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். எனக்குப் புலம்பலாகத்தான் கேட்கிறது. நீங்கள் எப்படியும் ஒப்புக்கொள்ளமாட்டீர்கள், ஹீனியின் கடைசி முந்நூறு வரிகளைப் படித்துவிட்டு மழைக்காகம் வந்து சொல்லட்டும்.