பிளாகர் சைடுபாரில் எழுத்தும் படமும் ஒன்றாக: படம் பட்டையைத் தாண்டி நிற்கிறது

ஓலைக்கட்டு:
என் பிளாகர் வலைப்பூவின் சைடுபாரில், அதாவது பக்கப் பட்டையில், நாலு வரி அறிமுகம், அதற்குக் கீழே ஒரு படம், படத்தைச் சொடுக்கினால் ‘தொடர்புக்கு’ பக்கம் திறக்க வேண்டும். டெக்ஸ்ட் கேஜெட், இமேஜ் கேஜெட் (பட்டையில் சேர்க்கும் சிறு பெட்டிகள்) என்று தனித்தனியாகப் போட்டால் நடுவில் பெரிய இடைவெளி விழுகிறது. நாமே கோடு எழுதும் எச்டிஎம்எல் கேஜெட்டில் சேர்த்துப் போட்டால் படம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. கைப்பேசியில் இரண்டுமே காணோம். பட்டை 300 பிக்சல், படம் 1200. வலைப்பூவின் வடிவமைப்பு பழைய சிம்பிள் தீம்.

கோடுபிரி:
இடைவெளி தீம் ஒவ்வொரு கேஜெட்டுக்கும் வைக்கும் மார்ஜின், அதாவது ஓர இடம். அதனால் ஒரே எச்டிஎம்எல் கேஜெட்தான் சரி.

பதிவு எடிட்டரிலிருந்து படத்தின் எச்டிஎம்எல் கோடை நகலெடுத்தீர்களா? அப்படியானால் படத்தைக் காட்டும் ஐஎம்ஜி டேகில் விட்த் (அகலம்), ஹைட் (உயரம்) என்று எண்களும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். இரண்டையும் அழித்துவிட்டு, ஸ்டைலில் மேக்ஸ்-விட்த் 100%, ஹைட் ஆட்டோ கொடுங்கள். ஹைட் ஆட்டோ கொடுக்காமல் ஹைட் எண்ணை மட்டும் விட்டுவைத்தால் படம் ஒட்டகக் கழுத்து மாதிரி நீளும். இணைப்புக்கு, ஐஎம்ஜி டேகைச் சுற்றி, இணைப்பு தரும் ஏ டேக் போட்டால் போதும்.

300 பட்டைக்கு 1200 வீண் சுமை. கூர்மையான திரைகளுக்கும் 600 தாங்கும். படம் பிளாகரிலேயே ஏற்றியது என்றால், முகவரியில் எஸ்1600 என்று இருக்கும் துண்டை எஸ்600 ஆக்குங்கள். சிறிதாக்கிய படமே வரும், மறுபடி ஏற்ற வேண்டாம்.

நடுவரி:
கைப்பேசி விஷயம் வேறு. பழைய தீம்களின் மொபைல் வடிவம் தலைப்பு, பதிவுகள், சுயவிவரம் போன்ற சில கேஜெட்களை மட்டும்தான் காட்டும், எச்டிஎம்எல் கேஜெட் அதில் சேராது. முதலில் தீமை பேக்கப் எடுங்கள். பிறகு ‘எடிட் எச்டிஎம்எல்’ திறந்து, உங்கள் கேஜெட்டின் ஐடி இருக்கும் பி:விட்ஜெட் வரியில் மொபைல் என்ற பண்பைச் சேர்த்து யெஸ் கொடுங்கள். கான்டெம்போ மாதிரி புதிய தீம்களில் இந்த வேலையே இல்லை. அங்கே சைடுபார் மூன்று கோட்டு மெனுவுக்குள் ஒளிந்திருக்கும்.

ஓலைக்கட்டு:
எண்களை அழித்தேன், படம் அடங்கிவிட்டது. கைப்பேசியிலும் வருகிறது. ஆனால் இணைப்பு வேலை செய்யவில்லை, சொடுக்கினால் பிழைப் பக்கம். எச்டிஎம்எல் கோடை வேர்டில் தட்டி ஒட்டினேன். படத்துக்கடியில் மெல்லிய வெள்ளைக் கீற்றும் தெரிகிறது.

கோடுபிரி:
வேர்டு நேர் மேற்கோள்குறியை வளைந்த குறியாக மாற்றிவிடும். பிரவுசர் அதையும் முகவரியின் பாகமாக எடுத்துக்கொள்கிறது. நோட்பேடில் புதிதாகத் தட்டுங்கள். அப்படியே டிவ் (பகுதி பிரிக்கும் டேக்) எல்லாம் மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒன்று திறந்து கிடந்தாலும் கீழே உள்ள கேஜெட்கள் அதற்குள் போய்ச் சிக்கும், சில தீம்களில் சைடுபாரே பதிவுக்கு அடியில் இறங்கிவிடும்.

வெள்ளைக் கீற்று, படத்தை ஓர் எழுத்தைப் போல வரியில் உட்கார வைப்பதால் வருவது. ஸ்டைலில் டிஸ்ப்ளே பிளாக் சேர்த்தால் போய்விடும்.