மேல்மலைக் குளிரில் விரல் வெடிக்கும் எக்ஸிமா: நாட்டு வைத்தியம் எதுவரை கைகொடுக்கும்?

குறிஞ்சிவாசி:
வயது 38, கொடைக்கானல் மேல்மலைப் பக்கம் வீடு. முழங்கை மடிப்பு, கழுத்து, கைவிரல்கள் என மூன்று இடத்திலும் எக்ஸிமா (தோல் வறண்டு, சிவந்து அரிக்கும் அழற்சி) என்று தோல் டாக்டர் உறுதியாகச் சொல்லிவிட்டார். மார்கழி, தை வந்தால் விரல் வெடித்து ரத்தம் கசிகிறது. ஸ்டீராய்டு களிம்பு போட்டால் அடங்குகிறது, விட்டால் பத்து நாளில் திரும்பவும் அதே கதை. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசு, நீலகிரித் தைலம் தேய், கத்தரிக்காய் கருவாட்டை நிறுத்து என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இதில் எது சரி? களிம்பைக் குறைக்க வழி உண்டா? அளவு, நேரம் சேர்த்துச் சொன்னால் நல்லது. தோட்ட வேலை, வீட்டில் கணப்பும் உண்டு.

மருந்துமேசை:
முதலில் குளியலைச் சரி செய்யுங்கள், மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான். குளிருக்கு ஆவி பறக்கிற வெந்நீரை ஊற்றும்போது சுகமாகத்தான் இருக்கும். ஆனால் தோலின் மேலடுக்கில் இருக்கிற கொழுப்பை அது கரைத்து எடுத்துவிடும். எக்ஸிமா தோலில் அந்தக் கொழுப்பு ஏற்கெனவே குறைவு. முழங்கையை நனைத்துப் பார்த்தால் சூடாகவும் தெரியக்கூடாது, குளிரவும் கூடாது, அந்தப் பதம். ஐந்திலிருந்து பத்து நிமிடம் போதும். சாதாரண சோப்பு காரத்தன்மை உள்ளது. தோலோ லேசான அமிலத்தன்மை உள்ளது. அதனால் வாசனை இல்லாத, சோப்புச் சேராத கட்டி என்று கேட்டு வாங்கி அக்குள், தொடை இடுக்கு, பாதத்துக்கு மட்டும் போடுங்கள். பயத்தமாவு நல்லதுதான், ஆனால் வெடித்த தோலில் அதன் நறநறப்பே அரிப்பைக் கிளப்பும்.

துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். தோல் சற்று ஈரமாக இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள், எண்ணெய்ப் பசை உள்ள களிம்பைப் பூசிவிட வேண்டும். அந்த ஈரத்தை உள்ளே பூட்டுவதுதான் அதன் வேலை. பகலில் வாசனையில்லாத கெட்டி கிரீம், இரவில் வெள்ளை வாசலின். மேலிருந்து கீழாக, முடி போகிற திசையில் தடவுங்கள், அழுத்தித் தேய்த்தால் மயிர்க்கால் அடைத்துக் கொப்புளம் வரும். நீங்கள் சொன்ன மூன்று இடத்துக்கு மட்டும் இந்தக் கிரீமும் வாசலினும் சேர்ந்து வாரத்துக்கு 100 கிராம் அளவுக்குச் செலவாக வேண்டும். ஒரு டப்பா இரண்டு மாதம் வருகிறது என்றால் பூசுவது போதவில்லை.

தேங்காய் எண்ணெய் பிடிக்கும் என்றால் தாராளமாகப் பூசலாம். 2008இல் பிலிப்பைன்ஸ் ஆய்வாளர்கள் பெரியவர்கள் 52 பேரிடம் சுத்தத் தேங்காய் எண்ணெயையும் ஆலிவ் எண்ணெயையும் ஒப்பிட்டார்கள். எக்ஸிமாத் தோலில் குடியேறும் ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமியைத் தேங்காய் எண்ணெய்தான் நன்றாகக் குறைத்தது. ஆலிவும் கடுகெண்ணெயும் தோலின் தடுப்பையே கெடுப்பவை, அவை வேண்டாம். நம்மூர்க் குளிரில் தேங்காய் எண்ணெய் வெள்ளையாய் உறைந்து கிடக்கும். அடுப்பில் வைக்காதீர்கள், பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீர்ச் செம்பில் ஐந்து நிமிடம் நிறுத்தினால் இளகிவிடும்.

அரிப்பு தாங்காத நாளுக்கு ஓட்ஸ் தண்ணீர். மசாலா, இனிப்பு சேராத வெறும் ஓட்ஸை மிக்சியில் மாவாக அரையுங்கள். ஒரு ஸ்பூன் மாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கினால் பால் மாதிரி வெளுத்து, அடியில் தங்காமல் நிற்க வேண்டும். தங்கினால் இன்னும் அரையுங்கள். நாலு மேசைக்கரண்டி மாவை மெல்லிய துணியில் முடிந்து, அரை வாளி இளஞ்சூட்டு நீரில் பிழிந்துவிட்டு, பத்து நிமிடம் மெதுவாக ஊற்றிக்கொள்ளுங்கள். தரை வழுக்கும், பார்த்து நில்லுங்கள்.

அருகம்புல்:
வேப்பிலை நம்மூரில் முளைப்பதில்லை, வத்தலக்குண்டிலிருந்து மலை ஏறி வரவேண்டும். அத்தனை மெனக்கெட்டுக் கொண்டுவந்து பூசினாலும் பச்சை விழுது காய்ந்து இறுகும்போது இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிவிடும். மஞ்சளே சிலருக்கு ஒவ்வாமையைத் தூண்டும். நீலகிரித் தைலம் எக்ஸிமாத் தோலில் கூடவே கூடாது. எரிச்சல் வந்தால் மருந்து வேலை செய்கிறது என்று நம்புகிற பழக்கம் நம்மிடம் வேர்விட்டிருக்கிறது. எரிகிறது என்றால் புண்ணில் படுகிறது, அவ்வளவுதான். வலிக்குத் தேய்க்கிற விண்டர்கிரீன் தைலத்துக்கும் இதேதான்.

சோற்றுக்கற்றாழை வேண்டுமானால் மடலை வெட்டி வெட்டுவாய் கீழாக 15 நிமிடம் சாய்த்து வையுங்கள், மஞ்சள் பால் வடிந்துவிடும். அந்தப் பால்தான் அரிக்கும். பிறகு தோல் சீவி, கண்ணாடி மாதிரி உள்ள சதையை மட்டும் கழுவி எடுங்கள். எதையும் முதன்முதலாகப் பூசுமுன் முன்கையில் நல்ல தோலில், ஒரு ரூபாய்க் காசு அளவில், இரண்டு வேளை வீதம் ஒரு வாரம் பூசிப் பாருங்கள். சிவக்காவிட்டால் மட்டும் மற்ற இடத்துக்கு.

உணவு விஷயத்தில் ஒரே வேளையில் ஆறு பண்டத்தை நிறுத்தாதீர்கள். கத்தரிக்காய், கருவாடு, சோளம் இவற்றைக் கரப்பான் பண்டம், அதாவது தோல் அரிப்பைக் கிளப்பும் பண்டம் என்பது பழைய வழக்கு. ஆனால் பெரியவர்களின் எக்ஸிமாவில் உணவு தூண்டுவது குறைவு. சந்தேகம் இருந்தால் ஒன்றை மட்டும் நாலு வாரம் நிறுத்துங்கள், அரிப்பை நாள்தோறும் பத்துக்கு எத்தனை என்று காலண்டரில் குறியுங்கள், பிறகு திரும்பச் சாப்பிட்டுப் பாருங்கள். மாறுதல் இல்லையென்றால் அந்தப் பண்டத்துக்குக் குற்றமில்லை. மூச்சுத்திணறல், முகவீக்கம் வந்த உணவென்றால் இந்தச் சோதனை வீட்டில் கூடாது.

சித்த மருந்து உட்கொள்வதென்றால் பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் மட்டும். பெயர் எழுதாத பொட்டலப் பொடி வாங்காதீர்கள். மூன்றே நாளில் மாயமாய் அடங்குகிறது என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்புண்டு.

குறிஞ்சிவாசி:
நன்றி. ஒன்று கவனித்தேன்: இடது கையில் பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றின் நுனியும்தான் ரொம்ப மோசம். வலது கை பரவாயில்லை. பூண்டு அறுவடை, உரிப்பு நேரத்தில் கூடுகிறது.

தோட்டக்காரி:
அப்படியானால் பாதிப் பதிலை நீங்களே சொல்லிட்டீங்க தம்பி. வலக்கையில் கத்தி, இடக்கை மூணு விரல் பூண்டைப் பிடிக்கும். பூண்டில் டைஅல்லைல் டைசல்பைடு என்று ஒரு பொருள் இருக்கு, அது விரல்நுனித் தோலை வறட்டி வெடிக்க வைக்கும். நம்ம மலைப்பூண்டுக்குக் காரம் அதிகம் வேற. மெல்லிய லேடெக்ஸ் கையுறையை அது ஊடுருவிவிடும், அதை நம்பாதீங்க. முடிஞ்சவரை உரிக்கிற வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்திட்டு, எடை போடுறது, மூட்டை தைக்கிறதை நீங்க எடுத்துக்கோங்க. டாக்டரிடம் பேட்ச் டெஸ்ட் கேளுங்க: சந்தேகப்படுற பொருள்களை முதுகில் ஒட்டி 48 மணி நேரம் கழிச்சு எடுத்து, மறுபடி ஓரிரு நாள் கழிச்சுப் பார்ப்பாங்க. பூண்டா, ரப்பரா, வேறயா என்று தெரிஞ்சிடும்.

ஈர வேலைக்கு உள்ளே பருத்திக் கையுறை, மேலே கெட்டியான வினைல் கையுறை. உள்ளே வேர்த்தா அதுவும் அரிக்கும், 20 நிமிஷத்துக்கொருதரம் கழற்றி மாத்துங்க. பருத்தியில் நாலைந்து ஜோடி வேணும். ராத்திரி வாசலினைத் தடவி உலர்ந்த பருத்திக் கையுறை போட்டுப் படுத்தா காலையில் வெடிப்பு இளகியிருக்கும். கம்பளி ஸ்வெட்டருக்குள்ள முழுக்கைப் பருத்திச் சட்டை கட்டாயம், கழுத்துப் பக்கம் கம்பளி நேரா உரசுதான்னு பாருங்க.

மருந்துமேசை:
ஸ்டீராய்டு களிம்பு திரும்பத் திரும்ப ஏன் தேவைப்படுகிறது? அரிப்பு நின்றதும் நிறுத்துகிறோம், ஆனால் உள்ளே அழற்சி அணைந்திருக்காது. கண்ணை மூடிக்கொண்டு விரலால் முழங்கை மடிப்பைத் தடவுங்கள். பக்கத்துத் தோலைவிடத் தடிப்பாகத் தெரிந்தால் இன்னும் முடியவில்லை. அந்தக் களிம்பை ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் கோடு வரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். விரல்களோடு சேர்ந்த இரண்டு உள்ளங்கைப் பரப்புக்கு அது போதும். வாசலினுக்கும் அதற்கும் அரைமணி இடைவெளி விடுங்கள். அடங்கிய பிறகு அதே இடங்களில் வாரம் இரண்டு நாள் மட்டும் பூசும் முறையைப் பற்றி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். மொத்தத்தில் மருந்து குறையும். எந்தக் களிம்பு, எத்தனை நாள் என்பதும் அவர் சொல்லவேண்டியது, கழுத்துக்கும் கைக்கும் ஒரே வீரியம் கூடாது. வட்டமாய் ஓரம் மட்டும் சிவந்து படர்கிற திட்டு புதிதாக வந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம், ஸ்டீராய்டு போட்டால் பரவும். தேன் நிறப் பொருக்கு, சீழ், காய்ச்சல், அல்லது ஒரே அளவில் கூட்டமாக வலிக்கும் கொப்புளம் என்றால் அன்றைக்கே மலையிறங்கியாவது ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கணப்பு பற்றி: குளிர்ந்த காற்றைச் சூடாக்கினால் ஈரப்பதம் சரிந்து தோல் வறண்டுபோகும், அதனால் தள்ளி உட்காருங்கள், தூங்குமுன் அணையுங்கள். வாசலின் ஊறிய கையுறையும் சட்டையும் சட்டென்று தீப்பிடிக்கும், அவற்றோடு கணப்பு அருகில் போகவே வேண்டாம். துவைத்தாலும் அந்தப் பசை முழுதாகப் போகாது, அதனால் கையுறையை அடிக்கடி புதிதாக மாற்றுங்கள்.