பாட்டாவைத் திருத்தப்போன கதை

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தேன். சரி, எழுதிவிடுகிறேன்.

நான் கன்னியாகுமரி மாவட்டம், அருமனைப் பக்கம். எங்கள் சபையில் பதினெட்டு வருஷம் ஞாயிறு பள்ளியில் இருந்தேன், அப்புறம் ஆண்களுக்கான வேதபாட வகுப்பையும் என்னிடமே கொடுத்தார்கள். வேதாகமத் தேர்வுகளில் வாங்கிய கப்புகள் வீட்டு ஷோகேஸில் இருக்கின்றன, அதைத் துடைக்க வேறு யாரையும் விடமாட்டேன், நானேதான் துடைப்பேன்.

வகுப்புக்கு ஒரு பாட்டா வருவார். எண்பதை நெருங்கிய வயது, ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. இரண்டாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்து, பேரன் எழுதி மிச்சம் வைத்த நோட்டில் பென்சிலால் குறிப்பு எடுப்பார். ஆயுசு முழுக்கக் கேட்ட அதே வசனங்கள்தானே, இன்னும் எதைத்தான் எழுதுகிறார் என்று எனக்குள் ஒரு இளக்காரம் உண்டு. வெளியே காட்டிக்கொண்டதில்லை. அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு, 1 தீமோத்தேயு முதல் அதிகாரம். "பிரதான பாவி" என்று பவுல் சொல்வது அவருடைய பழைய வாழ்க்கையை, சபையைத் துன்பப்படுத்தித் திரிந்த காலத்தை என்று விளக்கிக்கொண்டிருந்தேன். பாட்டா மெதுவாக எழுந்து, "மக்ளே, அவரு இப்பளும் பாவிதான்னுல்லா சொல்லுகாரு?" என்றார். நான் சிரித்துவிட்டேன். "மனந்திரும்பின அப்போஸ்தலன் எப்படிப் பாட்டா இன்னும் பாவியா இருப்பாரு? அது கடந்த காலம். கவனமா வாசிக்கணும்." பின்வரிசையில் இருந்த பையன்களும் சிரித்தார்கள். "அப்பிடியா மக்ளே, செரி" என்று உட்கார்ந்தவர் நான் சொன்னதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். அவர் அதை எழுதிக்கொண்டதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வேதாகமத்தைத் திறந்தேன். 13ஆம் வசனத்தில் தூஷிக்கிறவன், துன்பப்படுத்துகிறவன், கொடுமை செய்கிறவன் என்று அடுக்கிவிட்டு, "இருந்தேன்" என்று முடிக்கிறார். 15ஆம் வசனத்துக்கு வந்தால் "அவர்களில் பிரதான பாவி நான்". அங்கே "இருந்தேன்" இல்லவே இல்லை. கிரேக்கத்திலும் அது நிகழ்காலம்தான் என்று விளக்கவுரையில் போட்டிருந்தது. அதோடு விடாமல் தோண்டினேன். கொரிந்தியருக்கு எழுதும்போது அப்போஸ்தலர் எல்லாரிலும் சிறியவன் என்கிறார். அப்புறம் எபேசியருக்கு எழுதும்போது பரிசுத்தவான்கள் எல்லாரிலும் சிறியவன். கடைசிக் காலத்தில் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது பாவிகளில் பிரதானம். வயசு ஏற ஏற மனுஷன் கீழே இறங்கிக்கொண்டே போகிறார், இங்கே எனக்கானால் ஷோகேஸில் கப்பு கூடிக்கொண்டே போகிறது.

மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்குத் தோட்டத்துக்குப் போனேன். இருட்டில் அவர் தலையில் கட்டியிருந்த லைட் மட்டும் மரம் மரமாக நகர்ந்துகொண்டிருந்தது. வெயில் ஏறினால் பால் வரத்து குறைந்துவிடும், அதனால் நின்று பேசவெல்லாம் அவருக்கு நேரமில்லை. நான் பின்னாலேயே நடந்து மன்னிப்பை ஒப்பித்தேன். அவர் பழைய வெட்டில் காய்ந்து கிடந்த ஒட்டுப்பாலை நாடா போல உரித்துக் கூடையில் போட்டார், கத்தியை வைத்து ஒரு இழுப்பு, இடமிருந்து வலமாகச் சரிவாக ஒரு சீவல் விழுந்தது, ஒரு மில்லிமீட்டர் சொச்சம் இருந்தால் அதிகம். அந்தக் கோட்டில் வெள்ளை முத்து முத்தாகக் கசிந்து, சேர்ந்து, சிரட்டையில் சொட்ட ஆரம்பித்தது. "நான் அத அப்பளே விட்டாச்சு மக்ளே" என்றார், அவ்வளவுதான்.

எனக்குச் சும்மா நிற்க முடியவில்லை. கத்தியை வாங்கி ஒரு மரத்தில் இழுத்தேன், ஆழமாகப் போய்ப் பட்டைக்கு உள்ளே இருக்கும் தடியில் பட்டுவிட்டது. பாட்டாவின் முகம் அப்போதுதான் மாறியது. என்னை ஒன்றும் சொல்லாமல் மரத்தைத் தடவிப் பார்த்தார். காயம் ஆறினாலும் அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளருமாம், அடுத்த சுற்றில் அங்கே வெட்டு ஒழுங்காக விழாதாம். "அறுபது வருசமா வெட்டுகேன், எனக்கே இடைக்கு தடியில பட்டிரும்" என்றார். கிளம்பும்போது கூப்பிட்டு, "அடுத்த ஞாயிறு எந்த அதிகாரம்? நோட்டு தீந்துபோச்சு, ஒண்ணு வாங்கணும்" என்றார்.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. அடுத்த வாரம் வகுப்பில் எல்லார் முன்னாலும் மன்னிப்பு கேட்டேன், அது வரைக்கும் சரிதான். அப்புறம் அதையே சாட்சியாக இரண்டு கன்வென்ஷனிலும் ஒரு உபவாசக் கூடுகையிலும் சொன்னேன். ஜனங்கள் கண் கலங்கினார்கள், என்ன தாழ்மை பிரதர் என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். நாலாவது தடவை சொல்லும்போது எந்த இடத்தில் குரலை இறக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அன்றோடு நிறுத்தினேன். போன மாதம் பாட்டாவை அடக்கம் செய்தோம். இங்கே பேர் போடாமல் எழுதலாம் என்பதால்தான் எழுதினேன்.

*

மேலே எழுதிய அண்ணனுக்கு. நான் கத்தோலிக்கன், நாகர்கோவில் பக்கம். உங்கள் பாட்டாவைப் போல எங்கள் அப்பா அவ்வளவு சாது இல்லை.

திருவிதாங்கூரில் கிறிஸ்தவராக மாறிய தேவசகாயத்தை 1752இல் சுட்டுக் கொன்ற காற்றாடிமலைக்கு வருஷம் தவறாமல் சனவரி 14 அன்று போய்விடுவார். ஜெபமாலை தவறாது. ஆனால் பேருக்குப் பின்னால் உள்ள சாதிப் பட்டத்தை மட்டும் விடமாட்டார், கல்யாணப் பத்திரிகையிலிருந்து கேட்டில் தொங்கும் போர்டு வரைக்கும் அது இருக்க வேண்டும். 2022 மே 15 அன்று தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம் கொடுப்பதற்கு முன்னால் ரோம் அவர் பேரிலிருந்த "பிள்ளை"யை எடுத்துவிட்டதே, அதில் அப்பாவுக்கு ஒரே கோபம். "அவருகிட்ட கேட்டா எடுத்தானுவ?" என்றார். தாழ்ந்த சாதி என்று ஒதுக்கப்பட்டவர்களோடு சரிசமமாகப் பழகியதும் தேவசகாயம் செய்த குற்றமாகத்தானே சொன்னார்கள் என்று கேட்டுவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மறு வருஷம் அம்மா இறந்துவிட்டாள். கல்லறைக்குக் கல் வெட்ட மயிலாடிக்குப் போனோம். ஒரே கல்லில் தனக்கும் சேர்த்து வெட்டிவிட வேண்டும், தேதிக்கு மட்டும் இடம் விட்டால் போதும் என்று அப்பா பிடிவாதம். கல் வெட்டுகிறவர் தாளில் எழுதிக் காட்டினார், இரண்டு பேருக்கும் வழக்கமான வாலோடு. அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அப்புறம் அவர் பென்சிலையே வாங்கித் தன் பேருக்குப் பின்னால் இருந்ததை அடித்தார், அம்மா பேரிலும் அடித்தார்.

"எழுத்துக் கணக்குலயா கூலி?"

"ஆமா ஐயா."

"அப்ப லாபம்தான்."

அப்போது அவருக்கு 79 வயது. கேட்டில் போர்டு இன்னும் அப்படியேதான் தொங்குகிறது, அதைக் கழற்றலாமா என்று கேட்க எனக்கு இதுவரை தைரியம் வரவில்லை.