மாற்றுக்கருத்து சொன்னவருக்கு உங்கள் இளைஞர் அமைப்பில் என்ன நடந்தது? (அனுபவப் பகிர்வு)

ஓரப்பார்வை

எங்கள் அமைப்பின் வாட்ஸ்அப் குரூப்பில் நடந்தது. அமைப்பின் பேர் வேண்டாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்து முடித்த அன்று மாலையே படங்கள் வந்து குவிந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளை கை நீட்டி வாங்குகிறது, எங்கள் ஆள் ஒருவர் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். எல்லாம் அமைப்பின் பக்கத்தில் போடுவதற்கு. வாழ்த்துகள் வந்துகொண்டிருந்தபோது, சேர்ந்து கொஞ்ச காலமே ஆன ஒரு பெண், இன்னும் பள்ளியில் படிப்பவள், எழுதினாள்: "பிள்ளைகளின் முகம் தெரியாத படங்களை மட்டும் போடலாமா? என் வகுப்புப் பையனின் தம்பியும் இதில் இருக்கிறான். நாளைக்கு அவனைக் கேலி செய்வார்கள்."

இவ்வளவுதான். ஒரு கடுஞ்சொல் இல்லை. பொறுப்பில் இருக்கும் ஒருவர் உடனே, "நாள் முழுக்க வெயிலில் நின்றவர்களுக்குத்தான் இதன் உழைப்பு தெரியும். வந்ததும் வராததுமாகக் குறை சொல்லாதேம்மா" என்று போட்டார். அதன் கீழே கட்டைவிரல்கள் ஏறிக்கொண்டே போயின. எனக்கு இன்னும் உறுத்துவது அதற்கு அடுத்த நிமிடம்தான். மேலே அவள் பெயரோடு 'டைப் செய்கிறார்' என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. மறுபடி நின்றது. அப்புறம் திரையின் நடுவில் சின்ன எழுத்தில் ஓர் அறிவிப்பு: இனி அட்மின்கள் மட்டுமே செய்தி அனுப்ப முடியும். அவள் என்ன எழுதிக்கொண்டிருந்தாள் என்று யாருக்கும் தெரியாது. மறுநாள் காலை குரூப்பில் வந்த முதல் செய்தி, அடுத்த நிகழ்ச்சிக்கு நன்கொடை அனுப்ப வேண்டிய கணக்கு எண்.

நடுவரிசை

அந்தக் கட்டைவிரல் போட்டவர்களில் பலர் மனசுக்குள் அவள் பக்கம்தான் இருந்திருப்பார்கள். எனக்கு நடந்ததை வைத்துச் சொல்கிறேன். எங்கள் நிர்வாகிகள் தேர்தல் இல்லாமலே மறுபடியும் பதவிக்கு வந்தார்கள். "இந்த முறையாவது வாக்கெடுப்பு வைக்கலாமே" என்று குரூப்பில் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. ஆனால் தனிச் செய்தியில் ஒவ்வொருவராக வந்தார்கள். "நூற்றுக்கு நூறு சரி அண்ணா", "நான் கேட்க நினைத்ததே இதுதான்". அதில் ஒருவர் எனக்குத் தனியாக இப்படி எழுதிய அதே நேரத்தில் குரூப்பில் "தலைமையின் முடிவே நம் முடிவு" என்று போட்டிருந்தார். இரண்டு செய்திக்கும் கீழே ஒரே நேரம், 9.42. அந்த இரண்டையும் மாற்றி மாற்றித் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாலமன் ஆஷ் 1950களில் செய்த சோதனை பலருக்குத் தெரிந்திருக்கும். கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொல்வார்கள். சுற்றி இருப்பவர்கள் முன்பே பேசிவைத்தபடி தப்பான விடையைச் சொல்வார்கள். சோதனைக்கு வந்தவர்களின் பதில்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று, கண்ணுக்கு நேராகத் தெரிவதை விட்டுவிட்டுக் கூட்டத்தோடு போனது. ஒரே ஒருவர் மட்டும் சரியான விடை சொல்லும்படி வைத்தபோது அந்த இழுப்பு வெகுவாகக் குறைந்தது. எனக்கும் அன்று குரூப்பில் தேவைப்பட்டது அந்த ஒருவர்தான். தனிச் செய்தியில் எத்தனை பேர் வந்து என்ன பிரயோசனம்?

பூட்டுசாவி

அட்மினாக இருப்பவன் என்ற முறையில் முதல் பதிவுக்கு ஒரு மறுப்பு. இரவில் குரூப்பைப் பூட்டுவது பல இடங்களில் வழக்கம். 2018இல் அந்த வசதி வந்ததிலிருந்து நாங்களும் செய்கிறோம். எல்லாவற்றையும் அடக்குமுறை என்று சொல்லிவிடாதீர்கள்.

எங்களிடம் ஒருவர் இருந்தார். எந்த அறிவிப்பு வந்தாலும் பொருளாளர் பணத்தை எடுத்துவிட்டார் என்றே எழுதுவார். பொருளாளர் கல்லூரி இரண்டாமாண்டு மாணவர். பில்களை எல்லாம் மேசையில் பரப்பி, ஒவ்வொன்றையும் எண் தெரியும்படி படம் எடுத்து வரிசையாக அனுப்பினார். கடைசிப் படம் வந்து சேர்வதற்குள் பதில் வந்துவிட்டது: "எல்லாம் போலி." அன்றைக்கே அந்தப் பையன் பொறுப்பை விட்டுவிட்டான். அப்புறம் எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை. மாற்றுக்கருத்து வேறு, ஆளைக் குறிவைத்து அடிப்பது வேறு. அந்த நபரை நீக்கினோம். இன்றும் அது சரியென்றே நினைக்கிறேன்.

ஓரப்பார்வை

பூட்டுசாவி, அப்போது இரவு எட்டுகூட ஆகவில்லை. அதற்கு முன்பு எங்கள் குரூப் பூட்டப்பட்டதே இல்லை. உங்கள் பொருளாளருக்கு நடந்தது அநியாயம்தான். ஆனால் இந்தப் பெண் யாரையும் திருடன் என்று சொல்லவில்லையே. எந்தப் படத்தைப் போடலாம் என்று கேட்டாள். இரண்டையும் ஒரே பூட்டால் பூட்டுவதுதான் என் வருத்தம்.

மினிட்ஸ்புத்தகம்

என் கதை சின்னது. செயற்குழுவில் நான் கை தூக்கி எதிர்த்த ஒரு தீர்மானம், குரூப்பில் வந்த கூட்டக் குறிப்பில் 'ஏகமனதாக நிறைவேறியது' என்று இருந்தது. செயலாளரைக் கேட்டேன். "ஒரே ஒரு ஆள்தானே தம்பி, பார்க்க நல்லா இருக்காதுன்னு விட்டுட்டேன்" என்றார்.

சரி, என்ன செய்யலாம் என்று சொல்கிறேன், எல்லாரும் கவனியுங்கள். முதலில் அறிவிப்புக்கு ஒரு குரூப், விவாதத்துக்கு ஒரு குரூப் என்று பிரியுங்கள். அறிவிப்புக் குரூப்பை எப்போதும் பூட்டி வையுங்கள், விவாதக் குரூப்பை ஒருபோதும் பூட்டாதீர்கள். ஹென்றி ராபர்ட் என்ற அமெரிக்க ராணுவப் பொறியாளர் 1876இல் கூட்ட நடைமுறை விதிகளைத் தொகுத்தார். உலகம் முழுக்கப் பல சங்கங்கள் இன்றும் பின்பற்றுகின்றன. அதன்படி, பேசிக்கொண்டிருக்கும் விவாதத்தை நிறுத்த மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். சாதாரணப் பெரும்பான்மைகூடப் போதாது, ஏனென்றால் நிறுத்தும்போது பறிபோவது சிறுபான்மையின் பேச்சு. அவ்வளவு பேர் சேர்ந்து செய்ய வேண்டியதை குரூப்பில் ஓர் அட்மின் ஒரு விரலால் செய்துவிடுகிறார்.

அடுத்தது, எதிர்த்தவர் கேட்டால் அவர் பெயரும் காரணமும் கூட்டக் குறிப்பில் ஏற வேண்டும். இதை அமைப்பு விதியிலேயே எழுதிவிடுங்கள். செய்தியை அழித்தால் யார் அழித்தார், ஏன் என்று ஒரு வரி போட வேண்டும். குரூப்பிலேயே வாக்கெடுப்பு வைக்கிறார்கள், யார் எந்தப் பக்கம் என்று பேரோடு தெரிகிறது. பதவிக்கான தேர்தலுக்கு அது உதவாது, ரகசிய வாக்குதான் வேண்டும். நீக்குவதாக இருந்தால் அட்மின் ஒருவர் முடிவு செய்யக் கூடாது. சம்பந்தப்படாத மூன்று பேர் கேட்டு முடிவு செய்யட்டும், நீக்கப்பட்டவருக்குப் பொதுக்குழுவில் முறையிட வழி இருக்கட்டும்.

முதல் பதிவில் வரும் பெண் பதினெட்டு வயதுக்குள் இருப்பாள் என்று நினைக்கிறேன். ஐ.நா.வின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கை 1989இல் வந்தது. தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் குழந்தையின் கருத்துக்கு உரிய மதிப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது 12ஆவது பிரிவு. குழந்தையின் அந்தரங்கத்தில் அத்துமீறக் கூடாது என்கிறது 16ஆவது பிரிவு. அவள் கேட்டதும் அவளுக்கு மறுக்கப்பட்டதும் இந்த இரண்டிலும் இருக்கின்றன. இளைஞர் அமைப்பு நடத்துபவர்கள் இதைப் படித்திருக்க வேண்டாமா?

கீறல்

மினிட்ஸ்புத்தகம் அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். இங்கே யாரும் விதி கேட்கவில்லை. எங்களிடம் விதி இருந்தது. பேசும் உரிமை எல்லாருக்கும் உண்டு என்று முதல் பக்கத்திலேயே இருந்தது. யாரும் என்னைத் தடுக்கவும் இல்லை.

கூட்டங்கள் இரவு ஒன்பதுக்கு மேல் தொடங்குவதால் பெண்கள் யாரும் வர முடிவதில்லை, ஞாயிறு காலை வைக்கலாம் என்று எழுதினேன். "நல்ல கருத்து, பரிசீலிக்கிறோம் சகோதரி" என்று பதில் வந்தது. கொஞ்ச நாள் கழித்து ஒருவர் கை தவறி குரூப்பில் ஒரு ஸ்டிக்கர் போட்டார். என் புரொஃபைல் படத்தை வெட்டி எடுத்து, கீழே 'சண்டே புரட்சி' என்று எழுதியிருந்தார்கள். சில நொடிகளில் அழித்துவிட்டார். ஆனால் நான் பார்த்துவிட்டேன். என் அக்கா கல்யாணத்தில் எடுத்த படம் அது. நிர்வாகிகளுக்கென்று தனியாக இருந்த குரூப்பில் அது ரொம்ப நாளாகச் சுற்றிக்கொண்டிருந்ததாக அப்புறம்தான் தெரிந்தது. மறுநாள் நேரில் பார்த்தபோது அதே ஆள் "வாம்மா, நல்லா இருக்கியா" என்று விசாரித்தார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இதை எந்தக் கூட்டக் குறிப்பில் ஏற்றுவது அண்ணா?

மினிட்ஸ்புத்தகம்

அந்த நிர்வாகிகள் குரூப்பைத்தான் முதலில் கலைக்க வேண்டும். அதற்கும் விதி வேண்டும். உங்களுக்கு நடந்தது கேவலம் தங்கச்சி.

பச்சைக்கொடி

நல்லதாக நடந்த ஒன்றைச் சொல்கிறேன், ஆனால் அதிலும் ஓர் உறுத்தல் இருக்கிறது. கையிருப்பு முழுவதையும் ஆண்டு விழாவுக்குச் செலவிடுவதாகத் திட்டம். ஒரு பையன் ஏன் கூடாது என்று நீளமாக எழுதினான். எல்லாரும் பாயத் தயாராக இருந்தார்கள். அப்போதிருந்த தலைவர் அந்தச் செய்தியை எல்லாருக்கும் தெரிய குரூப்பின் மேலே நிற்கும்படி 'பின்' (pin) செய்துவிட்டு, "நாளை மாலை வரை இதற்கு யாரும் பதில் போட வேண்டாம், படியுங்கள்" என்றார். மறுநாள் அவனுடைய வாதத்தைத் தன் வார்த்தையில் எழுதி, "தம்பி, நீ சொன்னது இதுதானே?" என்று அவனிடமே கேட்டார். "ரெண்டாவது பாயிண்ட் மட்டும் அப்படி இல்லண்ணா" என்றான். திருத்திக்கொண்டார். அதற்கப்புறம்தான் மற்றவர்கள் பேசினார்கள்.

வாக்கெடுப்பில் அவன் தோற்றான். விழா அன்று காலை முதல் ஆளாக வந்து நாற்காலி போட்டுக்கொண்டிருந்தான். அதை நான் மறக்கவில்லை. உறுத்தல் என்னவென்றால், அந்தத் தலைவரின் காலம் முடிந்ததும் எல்லாம் போய்விட்டது. இப்போது இருப்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. அது அவர் ஒருவரின் பழக்கமாகவே இருந்தது, யாரும் எழுதிவைக்கவில்லை. அந்த வகையில் மினிட்ஸ்புத்தகம் சொல்வதோடு ஒத்துப்போகிறேன்.

பூட்டுசாவி

பின் செய்த செய்தியில் பொய் இருந்தால்? பதிலே இல்லாமல் ஒரு நாள் முழுக்க மேலே நிற்குமே. எங்கள் பொருளாளர் கதையில் அப்படிச் செய்திருந்தால் அவன் என்ன ஆகியிருப்பான்?

பச்சைக்கொடி

கணக்கு பற்றியோ ஓர் ஆளைப் பற்றியோ குற்றச்சாட்டு வந்தால் அவர் பின் செய்யமாட்டார். அன்றைக்கே இரண்டு பேரையும் நேரில் கூப்பிட்டு உட்காரவைப்பார், பில் புத்தகத்தையும் கொண்டுவரச் சொல்வார். ஒரு காரியத்தைச் செய்யலாமா வேண்டாமா என்கிற பேச்சுக்கு மட்டும்தான் அந்த ஒரு நாள் அவகாசம்.