வைகாசியில் விட்ட மாப்பிள்ளைச் சம்பாவும் ஆவணியில் விட்டதும் ஒன்றாகக் கதிர் தள்ளுகின்றன. ஏன்?

பாபநாசத்தான்:
போர்செட் தண்ணீர் இருந்ததால் வைகாசிக் கடைசியிலேயே மாப்பிள்ளைச் சம்பா நாற்று விட்டேன். மச்சான் அதே மூட்டை விதையை ஆவணியில் விட்டார். இப்போது கார்த்திகை, இரண்டு வயலிலும் ஒரே வாரத்தில் கதிர் வருகிறது! என் பயிர் ஆளை மறைக்கிற உயரம், பாதி சாய்ந்துவிட்டது. அவருடையது அளவாக நிற்கிறது. ரோட்டோரம் தெருவிளக்குக்குக் கீழே மட்டும் என் பயிர் இன்னும் கதிரே விடவில்லை. விதைக் கோளாறா, மண்ணா?

களத்துமேடு:
கலப்பு விதை மாதிரி தெரிகிறது. யூரியா அதிகமோ? தழைச்சத்து கூடினால் சாயும், கதிரும் தள்ளிப்போகும்.

பாபநாசத்தான்:
யூரியாவே போடவில்லை அண்ணே. தொழுவுரமும், மடக்கி உழுத தக்கைப்பூண்டும்தான்.

வடுவூர் சம்சாரி:
தம்பி, விதையைக் குறை சொல்லாதீர்கள். அது தன் குணப்படி சரியாகத்தான் நடந்திருக்கிறது.

பழைய சம்பா ரகங்கள் பலவும் வயதை எண்ணிக் கதிர் விடுவதில்லை, இரவு நீளும்வரை காத்திருக்கும். நம் தஞ்சைப் பக்கம் ஆனியில் பகல் ஏறக்குறைய 12¾ மணி நேரம், மார்கழியில் 11½. வித்தியாசம் ஒன்றேகால் மணிதான், அதையே பயிர் கண்டுகொள்கிறது. அளப்பது இலை. இரவு போதிய அளவு நீண்டதும் இலையில் ஒரு புரதம் உண்டாகி, குருத்து நுனிக்குப் போய் 'இனி இலை போதும், கதிர் கட்டு' என்று சொல்கிறது. ஹெச்டி3ஏ என்ற அந்தப் புரதத்தின் வேலையை ஜப்பான் ஆய்வாளர்கள் 2007-ல் காட்டினார்கள். எவ்வளவு இருட்டுக்கு அது உண்டாக வேண்டும் என்பதுதான் விதையில் எழுதியிருக்கிறது. அந்த இருட்டு எப்போது வரும் என்பதை நீங்கள் விதைத்த மாதம் மாற்றாது.

அதனால்தான் இரண்டு வயலும் ஒன்றாகக் கதிர் தள்ளுகின்றன. உங்களுடையது கூடுதலாகக் கிடைத்த மாதங்களில் வளர்ந்துகொண்டே போய், தண்டு நீண்டு, பாரம் தாங்காமல் சாய்ந்தது. உங்கள் வயலில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தத் தெருவிளக்குப் பகுதி! ஒரே விதை, ஒரே மண், ஒரே தண்ணீர், வெளிச்சம் மட்டும் வேறு. பயிர் கணக்கெடுப்பது இடையில் வெளிச்சம் படாத இருட்டைத்தான். விளக்கு அதைக் கெடுத்துவிட்டது.

உயரத்துக்கு வேறு ஜீன் இருக்கிறது. 1966-ல் பிலிப்பைன்ஸிலிருந்து வந்த ஐ.ஆர்.8 நெல் ரகம் குட்டையாக நின்றதற்குக் காரணம், அதன் தைவான் வழிப் பெற்றோரிடமிருந்து வந்த ஒரு பழுதான ஜீன். தண்டை நீட்டும் ஹார்மோனான ஜிப்பரெல்லின் குறைவாகச் சுரப்பதால் தண்டு நீளாது, உரம் போட்டாலும் எளிதில் சாயாது. பகல் நீளத்தையும் ஐ.ஆர்.8 அவ்வளவாகப் பொருட்படுத்தாது. மாப்பிள்ளைச் சம்பாவிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

பாபநாசத்தான்:
அப்போ தெருவிளக்கை மறைத்திருக்க வேண்டும்! சரி, இப்போது என்ன செய்யட்டும்? இதில் விதை எடுக்கலாமா, மச்சான் வயலில்தான் எடுக்க வேண்டுமா?

வடுவூர் சம்சாரி:
முதலில் தண்ணீரை வடியுங்கள். சாய்ந்ததில் நாலைந்து குத்துகளைச் சேர்த்துக் கட்டி நிமிர்த்துங்கள், கதிர் சேற்றில் படக்கூடாது. விளக்கடிப் பகுதியைக் கடைசியில் தனியாக அறுங்கள். பச்சை நெல் கலந்தால் அரிசி நொறுங்கும்.

விதை தாராளமாக எடுக்கலாம். ஆள் உயரம் வளர்ந்தது அந்தப் பருவத்தின் வேலை, விதைக்குள் போகாது. மணி நன்றாகப் பால் பிடித்து முற்றியிருந்தால் மச்சான் விதையும் உங்கள் விதையும் ஒன்றுதான். ஆனால் சாய்ந்து நனைந்த கதிர் வேண்டாம், வயலிலேயே முளைத்துவிடும். நிமிர்ந்து நிற்பதில் மட்டும் எடுங்கள்.

வைகாசியில் தண்ணீர் இருந்தால் அந்த வயலில் பூங்காரோ அறுபதாம் குறுவையோ போடுங்கள். அவை குறுகிய வயது ரகங்கள். அதை அறுத்துவிட்டு இந்தச் சம்பாவை ஆவணியில் நாற்று விடுங்கள்.