பனிக்காலத் தோட்டத்தில் கண்ணை விட்டு அகலாத ஒரு காட்சி: பகிருங்கள்

தும்பை

முதல் பனி விழுந்த மறுநாள். எக்கினேசியாப் பூச்செடியின் காய்ந்த விதைக்கூம்பில் ஒரு கோல்ட்ஃபிஞ்ச் குருவி. தண்டு ஆட ஆட, பிடியை விடாமல் விதையை உருவிக்கொண்டே இருக்கிறது. கீழே வெண்பனிமேல் உமி பொடிப்பொடியாகச் சிந்துகிறது. நாலடி தள்ளி, அதே செடியை இலையுதிர் காலத்திலேயே தரையோடு அறுத்த பாத்தி. அங்கே ஒரு குருவி இல்லை.

எக்கினேசியா, ருட்பெக்கியா, சூரியகாந்தி மூன்றிலும் கடைசி ஈட்டுப் பூக்களைக் கிள்ளாமல் விடுங்கள். அடுக்கு இதழ் ரகங்களை நம்ப வேண்டாம், பலவற்றில் விதை சரியாகப் பிடிக்காது. தண்டு சாய்கிறது என்பவர்கள் கோடையில் போட்ட உரத்தை முதலில் பாருங்கள். தழைச்சத்து கூடினால் தண்டு நெகுநெகுவென்று வளரும், ஈரப்பனி ஏறியதும் படுத்துவிடும்.

மண்புழு

தும்பை, நீங்கள் சொன்னது பாதிதான். குளிர் முழுக்கக் காத்திருந்துவிட்டு, வசந்தம் வந்ததும் தரையோடு அறுத்து அரவை இயந்திரத்தில் போடுகிறார்களே, அழிவு அங்கேதான். உடைந்த ராஸ்பெர்ரித் தண்டு ஒன்று. நெட்டியைக் குடைந்த துளைக்குள் ஒரு சென்டிமீட்டர்கூட நீளமில்லாத செரட்டினா தேனீக்கள், ஒன்றன்பின் ஒன்றாக வரிசைகட்டி உறக்கம். அந்தத் தண்டு கிடந்த குவியலின் மறுபாதி ஏற்கெனவே தூளாகியிருந்தது.

துளிர் விடும் முன் தண்டுகளை 20 முதல் 60 சென்டிமீட்டர் வரை ஏற்ற இறக்கமாக வெட்டுங்கள், ஒரே மட்டமாக வேண்டாம். வெட்டுவாய் வழியாகத் தாய்த்தேனீ அந்தப் பருவத்தில் நுழைந்து முட்டையிடும். குஞ்சுகள் அடுத்த குளிரை அதே கட்டைக்குள் கழிக்கும். ஆகவே இந்த வசந்தத்தில் வெட்டிய கட்டையை அடுத்த ஆண்டுக் கோடை வரை தொடவே கூடாது. பார்க்க அசிங்கமாக இருக்கும் என்ற பயமும் வேண்டாம், புதுத்தழை சில வாரங்களில் மூடிவிடும். வெட்டியெடுத்த மேல்தண்டைக் கட்டாகக் கட்டி வேலியோரம் சாய்த்து வையுங்கள்.

பகல் வெப்பம் 10 டிகிரியைத் தாண்டினால் வெட்டலாம் என்று ஒரு கணக்கு சொல்கிறார்கள். எல்லாப் பூச்சியும் ஒரே வெப்பத்தில் எழுவதில்லை. அரைக்காமல் வைப்பதே உறுதியான காப்பு. இலைச்சருகுக்கும் இதே நியாயம்: அந்துப்பூச்சிக் கூடுகள் இலையோடு இலையாகக் கிடக்கும், அரைத்தால் அவையும் சேர்ந்து போகும். புல்தரையில் கிடப்பதை வாரி, முழு இலையாகவே பாத்தியில் 5 முதல் 8 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்புங்கள்.

கொன்றை

மண்புழுவோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் இதைப் படித்துவிட்டுக் கத்தரிக்கோலையே ஒளித்துவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். வெட்டினால்தான் அழகு தரும் செடியும் உண்டு.

மாலைச் சாய்வெயில். கரும்பச்சை யூ மர வேலிக்கு முன்னால் செந்தண்டுப் புதரான கார்னஸ் ஆல்பா 'சிபிரிக்கா'. தண்டெல்லாம் தணல். அதே வேலியின் கோடியில் பல வருடம் கவாத்து காணாத இன்னொரு தூர், வெறும் பழுப்பு விறகு. பளீர்ச் சிவப்பு இளந்தண்டில் மட்டுமே வரும். அதனால் நட்டு இரண்டு வருடம் வேர் பிடிக்க விட்டு, பிறகு ஒவ்வொரு குளிர் முடிவிலும் வயதான தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கை அடியோடு எடுங்கள். மொத்தத்தையும் மொட்டையடித்தால் நிறம் பிரமாதமாக வரும், ஆனால் முந்தைய ஆண்டுத் தண்டில் பூக்க வேண்டிய பூ போய்விடும், பறவைக்குக் காயும் இல்லை.

இடம் பார்க்கும்போது ஒன்று: செந்தண்டுக்கு வெயில் நம் முதுகுப் பக்கமிருந்து விழ வேண்டும். மிஸ்காந்தஸ் போன்ற புல்லுக்கு எதிர்ப்பக்கமிருந்து; கதிருக்குள் ஒளி புகுந்தால்தான் அது மின்னும். இதை ஜன்னலுக்கு உள்ளே நின்று முடிவு செய்யுங்கள். குளிரில் தோட்டத்தைப் பார்ப்பது அங்கிருந்துதானே.

தூக்கணாங்குருவி

காய் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நந்தினா புதருக்கடியில் சீடார் வாக்ஸ்விங் பறவைகள், இறகு குலையாமல், செத்துக் கிடந்தன. தொண்டைப்பை நிறையச் சிவப்புக் காய்.

2009 ஏப்ரலில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் தாமஸ் கவுண்டியில் டஜன் கணக்கில் இப்படி இறந்தது பதிவாகியிருக்கிறது. காயில் சயனைடு. மற்ற பறவைகள் இரண்டு மூன்று கொத்திவிட்டு நகரும். வாக்ஸ்விங் கூட்டமாக வந்து புதரையே காலி செய்யும். நந்தினா ஏற்கெனவே இருந்தால் பூங்கொத்தைக் காயாகும் முன்பே வெட்டிவிடுங்கள்.

பதிலுக்கு விண்டர்பெரிப் புதர் வையுங்கள், இலை உதிர்ந்த வெறுங்கிளையில் காய் மட்டும் நிற்கும். காயே வரவில்லை என்ற புலம்பல் நிறைய. ஆண், பெண் தனித்தனிச் செடி என்பது தெரியாமல் பெண்ணை மட்டும் நடுவதுதான் பெரும்பாலும் காரணம். ஆண் இருந்தால் மட்டும் போதாது, இரண்டும் ஒரே சமயத்தில் பூக்க வேண்டும். 'ரெட் ஸ்ப்ரைட்' ரகத்துக்கு 'ஜிம் டாண்டி', 'விண்டர் ரெட்' ரகத்துக்கு 'சதர்ன் ஜென்டில்மேன்'. ஐந்தாறு பெண்ணுக்கு ஓர் ஆண் போதும், 15 மீட்டருக்குள் இருக்கட்டும். இலை உதிராத ஹாலிச் செடி வாங்கும்போது பெயரை நம்பி ஏமாறாதீர்கள்: 'கோல்டன் கிங்' பெண், 'சில்வர் குயின்' ஆண்.

அல்லி

கொன்றை அண்ணா, தூக்கணாங்குருவி அக்கா, செடியைப் பற்றியே எல்லாரும் எழுதுகிறீர்கள். தண்ணீர்?

உறைந்த கிண்ணத்தின்மேல் ஒரு ராபின் பறவை அலகால் தட்டுகிறது. நிறுத்தி, மறுபடி தட்டுகிறது.

ஆழம் 5 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம், கால் ஊன்ற ஒரு கல் போடுங்கள். காலையில் வெதுவெதுப்பான நீர் ஊற்றினால் போதும். கொதிநீர் பட்டால் மண்கிண்ணம் வெடிக்கும். உறையாமலிருக்க உப்போ கிளிசரினோ கலக்கவே கூடாது, கிளிசரின் இறகில் ஒட்டினால் குளிர் தாங்கும் பஞ்சுத்தன்மை போய்விடும். குளம் முழுக்க உறைந்துவிட்டால் சம்மட்டியால் அடிக்காதீர்கள், அந்த அதிர்ச்சி அடியில் இருக்கும் மீனையும் தவளையையும் தாக்கும். சுடுநீர் நிரப்பிய பாத்திரத்தைப் பனிக்கட்டிமேல் வையுங்கள். மெல்ல உருகி ஒரு துளை விழும், அழுகும் சருகின் வாயு அதன் வழியே வெளியேறிவிடும்.